மின்சாரக் காரும் அப்பாவின் வலது காலும்

(இரண்டாம் ஆண்டு, மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை)



நம் சங்க ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க்குழு அண்ணன்கள் கேட்டபோது, கவிதை எழுதலாம் என்றுதான் முதலில் உட்கார்ந்தேன். நான்கு வரிக்கு மேல் ஓடவில்லை. சரி, நமக்குத் தெரிந்ததை எழுதுவோம் என்று, எங்கள் வீட்டில் ஒரு வருடமாகத் தினமும் பேசப்படும் விஷயத்தையே எடுத்துக்கொண்டேன். அது ஒரு கார். எங்களுடைய கார் இல்லை. அப்பா ஓட்டுகிற கார்.

அப்பா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். லாரியில் கிளீனராகச் சேர்ந்து, பிறகு டிரைவராகி, இப்போது பல வருடங்களாக மேட்டுப்பாளையம் பக்கம் ஒரு மில் முதலாளியிடம் கார் ஓட்டுகிறார். போன வருடம் முதலாளி ஒரு மின்சாரக் கார் வாங்கினார். அதுவும் சாதாரண வண்டி இல்லை. முன்னால் ஒரு மோட்டார், பின்னால் ஒரு மோட்டார். நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை ஐந்தே நொடியில் தொட்டுவிடும். வண்டியின் பெயர் வேண்டாம். நான் இங்கே சொல்லப்போகும் தப்பு வண்டியுடையது இல்லை, பெரும்பகுதி என்னுடையது.

முதல் வாரமே அப்பாவுக்குத் தூக்கம் போய்விட்டது. "கண்ணு, இருபத்தஞ்சு வருசமா ஓட்டறேன். இந்த வண்டியில ஏறுனா நேத்து லைசென்ஸ் எடுத்தவனாட்ட இருக்குது" என்றார். போதாக்குறைக்கு முதலாளியின் சொந்தக்காரர் ஒருவர், "இந்த வண்டிக்கெல்லாம் படிச்ச பையனா ஒருத்தனைப் போட்டுருங்க" என்று அப்பா காதில் விழும்படியே சொல்லியிருக்கிறார். எங்கள் குடும்பத்தில் படித்தவன் என்று இருப்பது நான் ஒருவன்தான். ஆகவே அப்பா என்னிடம் கேட்டார். நானும் பெரிய இன்ஜினியர் மாதிரி விளக்க ஆரம்பித்தேன். சொன்னதில் பாதி சரி, பாதி தப்பு. இரண்டையுமே எழுதுகிறேன். நாளைக்கு நம்மில் பலர் இப்படிப்பட்ட வண்டிகளைச் செய்யும் இடத்திலோ, பழுது பார்க்கும் இடத்திலோதான் வேலைக்குப் போகப் போகிறோம்.

பெடல் என்பது ஒரு விண்ணப்பம்

அந்தக் காலத்து வண்டியில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஒரு கேபிள் இழுபடும், காற்று வழி திறக்கும், இன்ஜின் உறுமும். இப்போது பெட்ரோல் கார்களிலும் அந்தக் கேபிள் போய்விட்டது. மின்சாரக் காரில் கேட்கவே வேண்டாம். பெடலுக்கு அடியில் இருப்பவை சென்சார்கள். ஒன்று பொய் சொன்னால் தெரிய வேண்டும் என்பதற்காக இரண்டு வைத்திருப்பார்கள். இரண்டும் சொல்வது பொருந்தினால்தான் கன்ட்ரோலர் அதை நம்பும்.

நம் கால் எவ்வளவு கேட்கிறது என்பதை அந்தச் சென்சார்கள் சொல்கின்றன. கன்ட்ரோலர் பேட்டரியின் நிலை, சூடு, சக்கரம் வழுக்குகிறதா இல்லையா, என்ன மோடில் வண்டி இருக்கிறது என்பதையெல்லாம் பார்த்துவிட்டு, இவ்வளவு கரண்ட் கொடு என்று இன்வெர்ட்டருக்கு உத்தரவு போடுகிறது. அப்பாவுக்கு நான் இப்படிச் சொன்னேன்: "நீங்க மிதிக்கறது ஒரு விண்ணப்பம் மாதிரிங்கப்பா. மேனேஜர் கையெழுத்துப் போட்டாத்தான் பணம் கைக்கு வரும்."

"அந்த மேனேஜர் ரொம்ப சுறுசுறுப்பா இருக்கறானே!" என்றார் அப்பா.

உண்மைதான். பெட்ரோல் இன்ஜின் முழு பலத்தைக் கொடுக்க அதன் சுற்று வேகம் ஏற வேண்டும். மோட்டாருக்கு அது தேவையில்லை. சுழலாமல் நிற்கும்போதே அதனால் முழு டார்க்கையும் கொடுக்க முடியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 100 கி.மீ. என்பது நொடிக்கு 27.8 மீட்டர். ஐந்து நொடியில் அதைத் தொட்டால் முடுக்கம் 5.6 மீ/நொடி². புவியீர்ப்பு 9.8. அதாவது நம் எடையில் பாதிக்கு மேலான விசை நம்மை முன்னோக்கித் தள்ளுகிறது. இதையும் மிஞ்சிய வண்டிகள் உண்டு. 2023-இல் வந்த ஹூண்டாய் ஐயோனிக் 5 என் 3.4 நொடியில் நூறைத் தொடும். 2021-இல் வந்த டெஸ்லா மாடல் எஸ் பிளெய்டில் மூன்று மோட்டார்கள், ஆயிரம் குதிரைத் திறனுக்கு மேல்.

இந்த பலம் எல்லா நேரமும் தேவையில்லை என்பதால்தான் ஈகோ, நார்மல், ஸ்போர்ட் என்று மோடு வைத்திருக்கிறார்கள். மோடு மாற்றினால் மோட்டார் மாறுவதில்லை; அதே அளவு மிதிக்குக் கிடைக்கும் பதில் மாறுகிறது. ஒருநாள் ராத்திரி முதலாளியின் மகன் ஸ்போர்ட்டில் போட்டு ஓட்டிவிட்டு அப்படியே நிறுத்தியிருக்கிறார். மறுநாள் காலை மார்க்கெட் ரோட்டில் அப்பா வழக்கம்போல மிதித்தார். வண்டி பாய்ந்துவிட்டது. முன்னால் ஆள் இல்லாதது கடவுள் புண்ணியம். வண்டியை அணைத்துப் போட்டால் மோடு பழையபடி திரும்பிவிடும் என்று நம்பக்கூடாது. சில வண்டிகளில் திரும்பும், சில வண்டிகளில் கடைசியாக வைத்ததே நிற்கும். அன்றிலிருந்து அப்பா சீட் பெல்ட் போட்டதும் முதலில் பார்ப்பது மோடைத்தான்.

காலை எடுத்தால் வண்டி பிடிக்கிறது

இரண்டாவது பாடம், காலை எடுப்பது. நம் மெஷின்ஸ் லேபில் வைவாவில் கேட்கும் கேள்வி ஞாபகம் இருக்கிறதா? "இண்டக்ஷன் மோட்டாரை சின்க்ரோனஸ் வேகத்துக்கு மேலே சுற்றினால் என்ன ஆகும்?" ஸ்லிப் மைனஸ் ஆகும், மோட்டார் ஜெனரேட்டர் ஆகிவிடும். பரீட்சைக்காக மனப்பாடம் செய்த அந்தப் பதில்தான் இந்த வண்டியின் பாதி ரகசியம். 2012-இல் வந்த முதல் டெஸ்லா மாடல் எஸ் இண்டக்ஷன் மோட்டாரில்தான் ஓடியது. இப்போது பல வண்டிகளில் நிரந்தரக் காந்தம் வைத்த சின்க்ரோனஸ் மோட்டார். எந்த மோட்டாரானாலும் வேலை ஒன்றுதான். ஓடுகிற வண்டி சக்கரத்தைச் சுற்றுகிறது, சக்கரம் மோட்டாரைச் சுற்றுகிறது, மோட்டார் மின்சாரம் தயாரித்துப் பேட்டரிக்கு அனுப்புகிறது. அப்படித் தயாரிக்கும்போது அது சக்கரத்தை எதிர்த்துப் பிடிக்கிறது. இதுதான் ரீஜெனரேட்டிவ் பிரேக். சுருக்கமாக ரீஜென்.

இதை எந்தப் பெடலில் வைப்பது என்பதில் கம்பெனிகளுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. டெஸ்லா இதை ஆக்ஸிலேட்டரிலேயே வைத்தது. காலை எடுத்தாலே வண்டி பிடிக்கும். போர்ஷே தன் டைக்கானில் (2019) வேறு வழியை எடுத்தது. அதில் காலை எடுத்தால் வண்டி அநேகமாகச் சும்மா உருளும். பிரேக் பெடலை மிதிக்கும்போதுதான் முதலில் மோட்டார் பிடிக்கும். அதற்கும் மேல் தேவைப்பட்டால்தான் டிஸ்க் பிரேக் சேரும். தினசரி ஓட்டத்தில் பத்தில் ஒன்பது பிரேக், டிஸ்க்கைத் தொடாமலே முடிந்துவிடும் என்று போர்ஷே சொல்கிறது. இன்னும் பல கம்பெனிகள் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இரண்டு சின்னத் துடுப்புகள் வைத்து, எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதை டிரைவரே கூட்டிக் குறைக்க விட்டுவிட்டன. அப்பா ஓட்டுவது இந்த வகை.

பெட்ரோல் வண்டியில் பழகிய கால் என்ன செய்யும்? சிக்னலைப் பார்த்ததும் ஆக்ஸிலேட்டரை விட்டு ஒரேயடியாகத் தாவும். இந்த வண்டியில் அப்படித் தாவினால் யாரோ பின்னாலிருந்து இழுத்த மாதிரி நிற்கும். முதலாளியின் அம்மாவுக்குப் பின் சீட்டில் வாந்தியே வந்துவிட்டது. அப்பாவுக்கு அவமானம். நான் பிசிக்ஸ் எல்லாம் சொல்லிப் பார்த்தேன். கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி: "அப்படீன்னா கிளட்சை விடற மாதிரி இதை மெதுவா விடோணும், அவ்வளவுதானே?"

எனக்கு வாயடைத்துப்போனது. கிளட்சே இல்லாத வண்டியை, கிளட்ச் பழகிய காலை வைத்தே பிடித்துவிட்டார். இடது கால் இருபத்தைந்து வருடம் செய்த வேலையை வலது காலுக்குக் கற்றுக்கொடுக்க அவருக்கு மூன்றே நாள்தான் ஆனது.

பின்னால் வருகிறவனுக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். வண்டி ரீஜெனால் மட்டுமே 1.3 மீ/நொடி²-க்கு மேல் வேகம் குறைந்தால், பிரேக்கை மிதிக்காவிட்டாலும் பிரேக் விளக்கு எரிய வேண்டும் என்பது ஐ.நா. வாகன விதி. ஆகவே அந்தக் கவலை வேண்டாம்.

குன்னூர் இறக்கத்தில் நடந்தது

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

செமஸ்டர் லீவில் முதலாளி குடும்பத்தோடு குன்னூர் போனார். "பையனையும் கூட்டிட்டு வாப்பா" என்று சொன்னதால் நானும் முன் சீட்டில் உட்கார்ந்து போனேன். தங்கிய இடத்தில் சார்ஜர் இருந்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் ராத்திரி அப்பா கேட்டார்: "எவ்வளவு ஏத்தட்டும் கண்ணு?"

"ஃபுல்லா ஏத்திருங்கப்பா" என்றேன்.

"இறங்கத்தானே போறோம்?"

"ஃபுல்லா இருந்தா நல்லதுதானே!"

அவர் மறுபேச்சுப் பேசவில்லை. படித்த மகன் சொல்கிறான் என்று விட்டுவிட்டார்.

காலையில் நூறு சதவீதம். குன்னூரைத் தாண்டி இறக்கம் ஆரம்பித்தது. வளைவுக்கு முன்னால் அப்பா வழக்கம்போல் ஆக்ஸிலேட்டரை மெதுவாக விட்டார். வண்டி பிடிக்கவில்லை. உருண்டுகொண்டே போனது. துடுப்பைத் தட்டினார், அப்போதும் இல்லை. சட்டென்று காலை மாற்றி பிரேக்கை மிதித்தார். வண்டி அடங்கியது. மீட்டரில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்திருந்தது. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. எனக்குப் படிக்கத் தெரிந்தது. ரீஜென் குறைக்கப்பட்டிருக்கிறது என்று. ஏன் என்பதுதான் உடனே புரியவில்லை.

வளைவுக்கு வளைவு பிரேக்கிலேயே இறங்கினோம். ஆட்களோடு சேர்த்தால் 2,300 கிலோ வண்டி. பாதித் தூரத்தில் தீய்ந்த வாடை வர ஆரம்பித்தது. பின் சீட்டில் பேச்சு நின்றுவிட்டது. அப்பா முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "ஐயா, பர்லியார்ல ஒரு டீ குடிச்சுட்டுப் போலாங்களா" என்று கேட்டு, அங்கே சமமான இடத்தில் வண்டியை ஓரம் கட்டினார்.

தள்ளிக் கூட்டிப்போய் என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்: "ஏறுன கியர்லயே இறங்கோணும்ங்கறது மலை ரோட்டுச் சட்டம். கியர் வண்டின்னா ரெண்டாவதுல போட்டு வந்திருப்பேன். இந்த வண்டிக்கு ரெண்டாவது கியர் எதுடா?"

அந்தக் கேள்வியில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. இந்த வண்டியின் இரண்டாவது கியர், ரீஜென்தான். அந்த இரண்டாவது கியரை முந்தின நாள் ராத்திரி சார்ஜரில் வைத்து அடைத்தவன் நான்!

எங்கே போகும் அந்த மின்சாரம்?

குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர். மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர். இறக்கம் ஏறத்தாழ 1,500 மீட்டர். நிலையாற்றல் எம்.ஜி.ஹெச்.: 2,300 × 9.8 × 1,500 = கிட்டத்தட்ட 3.4 கோடி ஜூல். ஒரு யூனிட் கரண்ட் என்பது 36 லட்சம் ஜூல். ஆக 9.4 யூனிட். டயர் உராய்விலும் காற்றிலும் இரண்டு யூனிட்டுக்கு மேல் போய்விடும். மீதி ஏழு யூனிட்டை யாராவது வாங்கிக்கொண்டே தீர வேண்டும்.

பேட்டரியில் இடம் இருந்தால் அதில் பெரும்பகுதியைப் பேட்டரி வாங்கிக்கொள்ளும். நிறைந்த பேட்டரி வாங்காது. லித்தியம் அயான் செல்லுக்கு வோல்டேஜ் உச்சவரம்பு உண்டு. பல வகைச் செல்களில் அது சுமார் 4.2 வோல்ட். அதற்கு மேல் திணித்தால் செல் கெட்டுப்போகும், ஆபத்தும் கூட. ஆகவே கன்ட்ரோலர் ரீஜெனைக் குறைத்துவிடுகிறது. பேட்டரி மிகவும் குளிர்ந்திருந்தாலும் இதேதான். ஊட்டியில் உறைபனி விழும் காலை நேரத்தில் இதையும் எதிர்பார்க்கலாம்.

பேட்டரி வாங்காத ஏழு யூனிட் எங்கே போகும்? பிரேக் டிஸ்க்குக்குத்தான். ஏழு யூனிட் சூடு என்றால் எவ்வளவு தெரியுமா? 25 டிகிரியில் இருக்கும் 80 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும். ஒரு கல்யாண வீட்டு அண்டா! அந்தச் சூட்டை நான்கு டிஸ்க்குகளின் தலையில் கட்டினால் வாடை வராமல் என்ன செய்யும்?

ரயிலில் இந்தத் தொல்லை குறைவு. 1990-களின் நடுவில் நம் ரயில்வேக்கு வந்த டபிள்யூ.ஏ.பி.-5, டபிள்யூ.ஏ.ஜி.-9 என்ற மூன்று ஃபேஸ் இன்ஜின்கள் இறக்கத்தில் தயாராகும் மின்சாரத்தை மேல்கம்பிக்கே திருப்பிவிடுகின்றன. அதே கம்பியில் ஓடும் வேறு ரயில் அதை எடுத்துக்கொள்ளலாம். ரெசிஸ்டரில் விட்டுச் சூடாக்கி வீணடிக்கும் ரியோஸ்டாட்டிக் பிரேக்கும் உண்டு. காருக்கு மேல்கம்பியும் இல்லை, பெரிய ரெசிஸ்டரும் இல்லை. பேட்டரி ஒன்றுதான் வழி. இந்தக் குறை கம்பெனிகளுக்கும் தெரியும். ரீஜென் குறைந்த நேரத்தில் டிஸ்க் பிரேக் தானாகச் சேர்ந்து பிடிக்கும்படி டெஸ்லா ஒரு வசதி கொடுத்திருக்கிறது. காலுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் டிஸ்க் சூடாகும் என்பது மட்டும் மாறாது.

இதையெல்லாம் அன்று பர்லியாரில் இவ்வளவு கோர்வையாக நான் சொல்லவில்லை. "தப்பு என்னுதுங்கப்பா, ஃபுல்லா ஏத்தச் சொல்லியிருக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னேன். பிறகு முதலாளியிடமும் போய், "நான்தானுங்க சொன்னேன், அப்பா மேல தப்பு இல்லீங்க" என்றேன். அவர் தலையாட்டினார், ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிக பயமாக இருந்தது.

பிரேக் ஆறியபின் அப்பா தன் லாரிக்காலத்து முறையில் இறக்கினார். பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டே வரவில்லை. வேகத்தை முதலிலேயே நன்றாகக் குறைத்துக்கொண்டு, கொஞ்சம் ஏறவிட்டு, மறுபடி அழுத்தமாக மிதித்து, முழுதாக விட்டு... இப்படி. இடையில் டிஸ்க்குக்குக் காற்றுப் பட நேரம் கிடைத்தது. பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தோம். நான் படித்த மெஷின்ஸ் பேப்பரில் எண்பத்தாறு மார்க். அன்று வண்டியை இறக்கியது அந்த மார்க் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கண் எங்கே இருக்கிறது?

மூன்றாவது விஷயம், திரை. 2012 டெஸ்லா மாடல் எஸ் 17 அங்குலத் தொடுதிரையோடு வந்தது. பொத்தான்கள் பலவும் அதற்குள் போயின. பிறகு மற்றவர்களும் அதே வழியில் போனார்கள். பார்க்க அழகுதான். ஆனால் பொத்தானை விரலால் தடவியே கண்டுபிடிக்கலாம். திரையைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

2022-இல் ஸ்வீடனில் 'வி பிலேகரே' என்ற கார் பத்திரிகை ஒரு சோதனை செய்தது. மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் ஓட்டிக்கொண்டே சீட் ஹீட்டர், ரேடியோ, மீட்டர் வெளிச்சம் போன்ற சில வேலைகளைச் செய்ய வேண்டும். பொத்தான்கள் உள்ள 2005-ஆம் வருடத்து வால்வோ வி70-இல் எல்லாம் பத்து நொடியில் முடிந்தன. எம்.ஜி. மார்வெல் ஆர் என்ற புது மின்சாரக் காரில் 44.6 நொடி ஆனது. அந்த வேகத்தில் 44 நொடி என்றால் 1,300 மீட்டருக்கு மேல்! அதற்குள் எத்தனை வளைவு, எத்தனை மாடு, எத்தனை பள்ளிக்கூடப் பிள்ளைகள் குறுக்கே வரலாம்?

ஜெர்மனியில் மழையில் வைப்பர் வேகத்தைத் திரையில் மாற்றப் போய் டெஸ்லாவை ரோட்டை விட்டு இறக்கிய ஓட்டுநருக்கு அபராதமும் ஒரு மாதம் ஓட்டத் தடையும் கிடைத்தன. 2020-இல் கார்ல்ஸ்ரூ உயர்நிலை நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஐரோப்பாவில் கார்களுக்குப் பாதுகாப்பு நட்சத்திரம் கொடுக்கும் யூரோ என்கேப் அமைப்பும், 2026 விதிகளில் இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், ஹஸார்டு விளக்கு ஆகியவற்றுக்குத் தனிப் பொத்தானோ லீவரோ இருந்தால்தான் அதற்கான மதிப்பெண் என்று கொண்டுவந்திருக்கிறது. போன பொத்தான் திரும்பி வருகிறது!

அப்பாவுக்கு இதில் கஷ்டம் இரண்டு மடங்கு, எழுத்து ஆங்கிலம் என்பதால். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஷெட்டில் வண்டியை நிறுத்தி, அவருக்கு வேண்டிய எட்டுப் படங்களை மட்டும் ஒரு அட்டையில் வரைந்து, பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அவராக ஒரு விதியும் வைத்துக்கொண்டார். ஏ.சி., கண்ணாடி, ரீஜென் அளவு எல்லாம் கிளம்பும் முன்னால் வைத்துவிட வேண்டும்; வண்டி உருண்ட பிறகு திரையில் கை வைக்கக்கூடாது; அவசரமானால் ஓரம் கட்ட வேண்டும்.

சத்தம் இல்லாத வண்டி

"காது அடைச்சுப் போன மாதிரி இருக்குது" என்பது அப்பாவின் இன்னொரு குறை. பழைய டிரைவர்கள் வேகத்தை மீட்டரில் பார்ப்பதில்லை, காதில் கேட்கிறார்கள். இங்கே நாற்பதுக்கும் எண்பதுக்கும் காதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஐயோனிக் 5 என் வண்டியில், இல்லாத எட்டு கியரை இருப்பது போலக் காட்டி, ஸ்பீக்கரில் சத்தமும் கொடுத்து, கியர் மாறும்போது ஒரு குலுக்கலும் கொடுக்கிறார்கள். விளையாட்டு மாதிரிதான் தெரியும். ஆனால் டிரைவரின் காதும் உடம்பும் இழந்த தகவலைத் திருப்பிக் கொடுக்கும் வேலையும் அதில் இருக்கிறது.

வண்டி ஆன் ஆகியிருக்கிறதா என்பதும் காதுக்குத் தெரியாது. 'ரெடி' என்ற விளக்கு எரிந்தால் வண்டி புறப்படத் தயார் என்று அர்த்தம். அந்த நிலையில் டி-யில் வைத்துவிட்டு, சும்மா நிற்கிறது என்று நினைத்து இறங்குவது ஆபத்து. பி-யில் போட்டு, ரெடி விளக்கு அணைந்ததைப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும்.

சுருக்கமாக ஐந்து விஷயம்

நண்பர்களே, இப்படிப்பட்ட வண்டி உங்கள் கைக்கு வந்தால், ஓட்டவோ பழுது பார்க்கவோ, இவற்றை மறக்காதீர்கள்.

1. உட்கார்ந்ததும் மோடும் ரீஜென் அளவும் பாருங்கள். உங்களுக்கு முன்னால் ஓட்டியவர் வைத்தது அப்படியே இருக்கலாம்.

2. மலையிலிருந்து இறங்குவதாக இருந்தால் மேலே முழுச் சார்ஜ் ஏற்றாதீர்கள். இறக்கம் தரப்போகும் யூனிட்டுக்குப் பேட்டரியில் இடம் விடுங்கள்.

3. ஒரே பெடலில் ஓட்டிப் பழகினாலும், பிரேக் பெடல் எங்கே என்பதைக் கால் மறக்கக்கூடாது. அவசரத்துக்கு அதுதான்.

4. திரையில் செய்வதை நிற்கும்போது செய்யுங்கள்.

5. கதவுக் கைப்பிடியும் மின்சாரத்தில் இயங்கும் வண்டியானால், சின்ன 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிட்டாலும் கதவைத் திறக்கும் கைவழி எங்கே என்பதை முதல் நாளே கண்டுபிடித்து வையுங்கள்.

இரண்டு மாதம் கழித்து முதலாளி மறுபடி குன்னூர் போனார். இந்த முறை நான் போகவில்லை. கிளம்பும் முன் அப்பா எழுபது சதவீதத்தில் சார்ஜரைப் பிடுங்கிவிட்டார். இறக்கம் முழுக்க ரீஜென் பிடித்தது; பிரேக்கைத் தொட்டது சில இடங்களில்தான். மேட்டுப்பாளையம் வந்தபோது பேட்டரி எழுபத்தாறு. ராத்திரி வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே சொன்னார்: "ஆறு பர்சென்ட் சம்பாதிச்சுட்டு வந்திருக்கறேன், கண்ணு!"

இப்போது முதலாளியின் மகனுக்கு மலை ரோட்டில் அந்த வண்டியை இறக்கச் சொல்லிக் கொடுப்பது அப்பாதான். படித்த பையனைப் போடும் பேச்சு அதன்பின் எழவில்லை. நானும் இப்போதெல்லாம் அப்பா ஏதாவது சந்தேகம் கேட்டால் உடனே பதில் சொல்வதில்லை. "நீங்க என்ன நினைக்கறீங்கப்பா?" என்று முதலில் கேட்டுவிட்டு, பிறகுதான் நோட்டைத் திறக்கிறேன்.